சாமி பயம் இருக்கு, தன்னம்பிக்கையும் இருக்கு... அது மட்டும் போதுமா? டீன்ஏஜ் பிள்ளைகளின் பெற்றோர் கவனத்துக்கு!

"எங்க பொண்ணு அப்படியெல்லாம் கிடையாதுங்க. வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவ."

"எங்க பையன் சர்ச் கொயர்ல பாடறான். அவனுக்கு இதெல்லாம் சொல்லணும்னு அவசியமே இல்ல."

"எங்க வீட்ல அஞ்சு வேளைத் தொழுகை தவறாது. பிள்ளைங்க ஒழுக்கமா வளருது."

"எங்க பிள்ளைக்குத் தன்னம்பிக்கை ஜாஸ்தி. அவளை யாரும் ஏமாத்த முடியாது."

'பருவ வயதுப் பிள்ளையிடம் உடலைப் பற்றி எப்போதாவது பேசியிருக்கிறீர்களா?' என்று கேட்டால், பல வீடுகளில் வரும் பதில் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, கடவுள் பார்த்துக்கொள்வார். இல்லையென்றால், பிள்ளையே பார்த்துக்கொள்ளும். இரண்டிலும் பெற்றோர் வாய் திறக்க வேண்டிய வேலை இல்லை!

இந்த இரண்டு நம்பிக்கைகளும் முழுப் பொய் அல்ல. பக்தியும் சுயமதிப்பும் வளரும் பிள்ளைக்கு நிஜமாகவே துணை நிற்பவை. ஆனால், எது வரை துணை நிற்கும், எங்கே கைவிடும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். காரணம், அவை கைவிடும் இடத்தில்தான் பிள்ளைக்கு நம்முடைய உதவி மிக அதிகமாகத் தேவைப்படுகிறது.

இங்கே ஒரு விஷயம். பாலியல் ஆரோக்கியம் என்றால் 'தப்பு எதுவும் நடக்காமல் இருப்பது' என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். தன் உடலில் நடக்கும் மாற்றங்களைப் பயமில்லாமல் புரிந்துகொள்வது, பிடிக்காததை 'வேண்டாம்' என்று சொல்ல முடிவது, இன்னொருவரின் 'வேண்டாம்' என்பதை மதிப்பது, நோயும் தேவையற்ற கர்ப்பமும் நேராமல் காத்துக்கொள்வது, ஏதாவது தவறாக நடந்தால் பெரியவர்களிடம் வந்து சொல்வது... இவையெல்லாம் சேர்ந்ததுதான் பாலியல் ஆரோக்கியம்.

இரண்டு லட்சம் உறுதிமொழி அட்டைகள்!

பக்தி பிள்ளைகளைக் காக்குமா என்ற கேள்வியை அமெரிக்காவில் பல வருடங்கள் பின்தொடர்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள்.

1993-ல் அங்குள்ள டென்னசி மாநிலத்தில், சதர்ன் பாப்டிஸ்ட் சபையினர் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' என்று பெயர். உண்மையான காதல் காத்திருக்கும் என்று அர்த்தம். திருமணம் வரை உடலுறவு கொள்ள மாட்டேன் என்று டீன்ஏஜ் பிள்ளைகள் கடவுள் முன்னிலையில் ஓர் அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வருடமே, வாஷிங்டன் நகரின் மையத்தில் இருக்கும் புல்வெளியில் இப்படிக் கையெழுத்தான 2 லட்சத்துக்கும் அதிகமான அட்டைகளை நட்டுவைத்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது.

அதே காலகட்டத்தில், பல ஆயிரம் பள்ளி மாணவர்களை வருடக்கணக்கில் பின்தொடரும் பெரிய அரசு ஆய்வு ஒன்றும் அங்கே தொடங்கியிருந்தது. அந்தத் தகவல்களை வைத்து, உறுதிமொழி எடுத்த பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று சமூகவியல் ஆய்வாளர்கள் பீட்டர் பேர்மனும் ஹன்னா ப்ரூக்னரும் கணக்கிட்டார்கள்.

2001-ல் வெளியான முதல் முடிவு பெற்றோருக்கு மகிழ்ச்சி தந்தது. உறுதிமொழி எடுத்தவர்கள், எடுக்காதவர்களைவிட சராசரியாக 18 மாதங்கள் தள்ளிப்போட்டிருந்தார்கள். ஆனால், கூடவே ஒரு கவலையும் இருந்தது. உறுதியை மீறியவர்கள், முதல் முறை எந்தப் பாதுகாப்பு முறையையும் பயன்படுத்தாமல் இருப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

2005-ல் வந்த அடுத்த முடிவு இன்னும் யோசிக்க வைத்தது. உறுதிமொழி எடுத்தவர்களில் பெரும்பாலானவர்கள் திருமணத்துக்கு முன்பே அதை மீறியிருந்தார்கள். பால்வினை நோய்த் தொற்று இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஆனால், உறுதிமொழி எடுத்தவர்கள் பரிசோதனைக்குப் போவது குறைவு. தொற்று இருந்தாலும் அவர்களுக்கு அது தெரியாமலே போனது.

'தப்பு செய்யமாட்டேன்' என்று கடவுளிடம் சொல்லிவிட்ட பிள்ளை, பாதுகாப்பைப் பற்றி எப்படி யோசிக்கும்? யோசித்தாலே சத்தியத்தை மீறத் தயாராகிவிட்டதாக அர்த்தமாகிவிடுமே! மீறிய பிறகு டாக்டரிடம் போனால் வெளியே தெரிந்துவிடும். அதனால் மௌனம்.

2009-ல் ஜேனட் ரோசன்பாம் என்ற ஆய்வாளர் இதையே வேறு விதமாகப் பார்த்தார். பக்தி, குடும்பச் சூழல் என நூற்றுக்கும் மேற்பட்ட அம்சங்களில் ஒரே மாதிரி இருந்த பிள்ளைகளை எடுத்துக்கொண்டு, உறுதிமொழி எடுத்தவர், எடுக்காதவர் என்று ஒப்பிட்டார். 5 வருடங்கள் கழித்து இருவருக்கும் நடத்தையில் வித்தியாசமே இல்லை. கையெழுத்துப் போட்டவர்களில் 82 சதவிகிதத்தினர் 'நான் அப்படி ஓர் உறுதிமொழியே எடுக்கவில்லை' என்றார்கள்!

இதில் பக்திக்குத் தோல்வி இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த ஆய்வில் வந்த பக்தியுள்ள பிள்ளைகள், கையெழுத்துப் போட்டவர்களும் சரி, போடாதவர்களும் சரி, பொதுவான அமெரிக்க டீன்ஏஜ் பிள்ளைகளைவிடத் தாமதமாகவே அந்த உறவுக்குள் போனார்கள். மனதில் இருந்த நம்பிக்கை வேலை செய்தது. அட்டை தனியாக எதையும் கூட்டவில்லை, பாதுகாப்பு முறைகளிலிருந்து மட்டும் பிள்ளையைத் தள்ளிவைத்தது.

தன்னம்பிக்கை... ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்றா?

சரி, சுயமதிப்பு? 'தன்னை மதிக்கிற பிள்ளை தவறான பாதையில் போகாது' என்று நாம் எல்லோருமே நம்புகிறோம். பள்ளிகளில் இதற்கென்றே வகுப்புகள்கூட எடுக்கிறார்கள்.

சுயமதிப்புக்கும் டீன்ஏஜ் பாலியல் நடத்தைக்கும் தொடர்பு உண்டா என்று பார்த்த 38 ஆய்வுக் கட்டுரைகளை, 2006-ல் ஒரு குழு ஒன்றாக வைத்து அலசியது. நடத்தை பற்றிய முடிவுகளில் 62 சதவிகிதத்தில் எந்தத் தெளிவான தொடர்பும் இல்லை!

ஏன் இப்படி? 2002-ல் வெளியான இண்டியானா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று ஒரு குறிப்பு தருகிறது. 7-ம் வகுப்புப் பிள்ளைகளின் சுயமதிப்பை அளந்துவிட்டு, 9-ம் வகுப்பில் மறுபடி சந்தித்தார்கள். சுயமதிப்பு அதிகமாக இருந்த பெண் பிள்ளைகள் உடலுறவைத் தவிர்த்திருக்க 3 மடங்கு வாய்ப்பு அதிகம். ஆனால், சுயமதிப்பு அதிகமாக இருந்த பையன்களோ, உறவில் ஈடுபட்டிருக்க 2.4 மடங்கு வாய்ப்பு அதிகம்!

ஒரே குணம், இரண்டு எதிர் திசைகள். சிறிய ஆய்வுதான். என்றாலும், நம் ஊரோடு பொருத்திப் பார்த்தால் காரணம் புரியும். பெண் பிள்ளைக்குத் தன்மேல் மதிப்பு இருந்தால், 'நீ என்னை லவ் பண்றது நிஜம்னா இதுக்குச் சம்மதி' என்று ஒருவன் மிரட்டும்போது 'போடா' என்று சொல்லிவிட்டு வர முடிகிறது. பையனுக்கோ, 'உனக்கு ஆள் இருக்கா மச்சி?' என்று கேட்கும் கூட்டத்தில்தான் கெத்து. 'வேண்டாம்' என்று சொன்ன பெண்ணைத் துரத்தித் துரத்திச் சம்மதிக்க வைப்பவனைத்தான் நம் சினிமா பல காலமாக ஹீரோவாகக் காட்டியிருக்கிறது. அந்தப் பையனின் தன்னம்பிக்கை வளர வளர, துரத்தும் தைரியமும் வளரும்.

ஆக, பிள்ளைக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அது எதன்மேல் நிற்கிறது என்று பாருங்கள். மார்க், நிறம், எடை, இன்ஸ்டாகிராம் லைக் இவற்றின்மேல் நின்றால், அதைக் கொடுப்பவர் கையில் பிள்ளையின் கடிவாளம் போய்விடும். 'நீ ரொம்ப அழகா இருக்கே' என்று இதுவரை யாருமே சொல்லிக் கேட்காத பெண்ணுக்கு, முகம் தெரியாத ஒருவனின் மெசேஜ் பெரிய விஷயமாகிவிடும்.

ஊருக்கே சொல்கிறோம், பிள்ளையிடம் சொல்வதில்லை!

இப்போது நம் வீடுகளுக்கு வருவோம். பெண் பிள்ளை பூப்பெய்தினால் மண்டபம் பிடிக்கிறோம், ஃப்ளெக்ஸ் வைக்கிறோம், தாய்மாமன் சீர் வருகிறது. ஊர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஆனால், உடம்புக்குள் என்ன நடந்தது, ஏன் ரத்தம் வருகிறது, ஆரம்ப வருடங்களில் தேதி முன்னே பின்னே ஆவது சகஜம்தானா என்று அந்தப் பிள்ளையை உட்காரவைத்து எத்தனை வீடுகளில் சொல்கிறோம்? 'அங்கே போகாதே, அதைத் தொடாதே' என்ற பட்டியல் மட்டும் கிடைக்கிறது. அது சொல்லாமல் சொல்லும் பாடம், 'உன் உடம்பு அசுத்தம்' என்பதுதான்.

பையன்களுக்கு இதுவும் இல்லை. குரல் உடைவதும், தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் வளர்ச்சியின் இயல்பான அடையாளங்கள். அதனால் சக்தி போகாது, நரம்பு தளராது, பிற்காலத் திருமண வாழ்க்கை கெடாது. இதை அப்பா சொல்வதில்லை. 'இளம் வயதில் செய்த தவறுகளால் வாழ்க்கையைத் தொலைத்தவரா?' என்று கேட்கும் இரவு நேர டிவி வைத்தியர் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். 'பாவம் செய்துவிட்டேன்' என்று ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும் பையன் அவருக்குச் சுலபமான இரை.

அறியாமையின் விலை எண்களிலும் தெரிகிறது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 20-24 வயதுப் பெண்களில் 12.8 சதவிகிதத்தினருக்கு 18 வயதுக்கு முன்பே திருமணமாகியிருந்தது. 15-19 வயதுப் பெண்களில் 6.3 சதவிகிதத்தினர் தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். 'வயசுப் பொண்ணு, ஏதாவது ஆகிட்டா மானம் போயிடும்' என்ற பயத்தில் அவசரமாகக் கட்டிக்கொடுப்பதும் இதில் அடக்கம். பாதுகாப்பதாக நினைத்து, பிள்ளையை இன்னும் பெரிய உடல்நல ஆபத்தில் தள்ளுகிறோம்.

சாமி கண்ணைக் குத்துமா?

'தப்பு பண்ணா சாமி கண்ணைக் குத்திடும்.' நாம் கேட்டு வளர்ந்ததுதான், சொல்லி வளர்ப்பதும் அதுதான். இதிலிருக்கும் ஆபத்து, பிள்ளைக்குத் தீங்கு நேரும்போதுதான் தெரியும்.

மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசியது. ஏதாவது ஒரு வகையில் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள் 53 சதவிகிதம். ஆண் பிள்ளைகளும் இதில் உண்டு. பெரும்பாலானவர்கள் அதை யாரிடமும் சொல்லவில்லை என்றது அந்த ஆய்வு.

ஏன் சொல்லவில்லை? கெட்டவர்களுக்குத்தான் கடவுள் தண்டனை தருவார் என்று நம்பும் பிள்ளை, தனக்கு நேர்ந்ததையே தண்டனையாக எடுத்துக்கொள்ளும். 'நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்' என்று நினைக்கும். அத்துமீறியவர் உறவினராகவோ, ஆசிரியராகவோ, ஊரே கும்பிடும் ஆன்மிகப் பெரியவராகவோ இருந்தால் கேட்கவே வேண்டாம். 'என்னை யார் நம்புவாங்க?'

இந்த மௌனத்தில் நழுவிப் போவது விலைமதிப்பில்லாத நேரம். பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்குக் கர்ப்பத்தைத் தடுக்கும் அவசர மருந்தும், எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் தரப்பட வேண்டும். அரசு மருத்துவமனையானாலும் தனியாரானாலும், இந்த முதல் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பிள்ளை நான்காவது நாள் வந்து சொன்னால்கூட தாமதம்தான். ஆகவே, 'அம்மாகிட்ட சொன்னா அடி விழும்' என்ற பயம் வீட்டில் இருக்கவே கூடாது.

பக்தியை எப்படித் துணையாக்குவது?

நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதில்லை. அதே நம்பிக்கையின் மொழியிலேயே பேசலாம். உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயிலாகப் பார்க்கிறது திருமந்திரம். பைபிளிலும் உடலை ஆலயமாகச் சொல்லும் இடம் உண்டு. இஸ்லாத்தில் உடல், இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். உன் உடம்பு மதிப்பானது, அடுத்தவர் உடம்பும் மதிப்பானது. அதைப் பற்றித் தெரிந்துகொள்வது எப்படிப் பாவமாகும்?

'சொல்லிக்கொடுத்தால் கெட்டுப்போவார்கள்' என்ற பயமும் வேண்டாம். பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த யுனெஸ்கோ, முறையான பாலியல் கல்வி பிள்ளைகளைச் சீக்கிரமாக உடலுறவுக்குத் தூண்டுவதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வீட்டின் மதிப்பீட்டையும் அறிவையும் ஒன்றாகவே தரலாம். உதாரணத்துக்கு, டிவி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு 13 வயதுப் பையன் கேட்கிறான்.

"அம்மா, காண்டம்னா என்னம்மா?"

"எவன்கிட்ட கத்துக்கிட்டே இதெல்லாம்? போய்ப் படி!" என்று சீறினால், அவன் அடுத்த கேள்வியை கூகுளிடம் கேட்பான். அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லலாம்.

"பெரியவங்க பயன்படுத்தறதுடா. இப்போ குழந்தை வேண்டாம்னு நினைக்கும்போதும், சில நோய்கள் ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தருக்குப் பரவாம இருக்கவும். நம்ம வீட்ல, அந்த உறவு கல்யாணத்துக்கு அப்புறம்தான்னு நம்பறோம். ஆனா, இதைப் பத்தி எது கேக்கணும்னாலும் என்கிட்டயோ அப்பாகிட்டயோ கேளு. நீ எங்கே கேள்விப்பட்டே?"

அரை நிமிடம்தான். கேள்விக்குப் பதிலும் கிடைத்தது, குடும்பத்தின் நம்பிக்கையும் சொல்லப்பட்டது, கதவும் திறந்தே இருக்கிறது.

வயதுக்கேற்ற பேச்சு

8-10 வயது: உடல் உறுப்புகளின் சரியான பெயர்கள். யார் தொடலாம், தொடக் கூடாது. 'யார்கிட்டயும் சொல்லாதே' என்று ஒரு பெரியவர் சொன்னால், அதை உடனே வீட்டில் சொல்ல வேண்டும்.

10-12 வயது: மாதவிடாய், விந்து வெளியேறுதல், முகப்பரு, மனநிலை மாற்றம். ஆண் பிள்ளைக்கு மாதவிடாய் பற்றியும், பெண் பிள்ளைக்குப் பையன்களின் மாற்றம் பற்றியும் சொல்லுங்கள்.

13-15 வயது: ஈர்ப்பு வருவது இயல்பு, பாவம் அல்ல. ஆனால், ஈர்ப்பு வந்ததற்காக எதையும் செய்தாக வேண்டியதில்லை. சம்மதம் என்றால் என்ன? 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான். போட்டோ அனுப்பச் சொல்லி யார் கேட்டாலும் அனுப்பக் கூடாது. அனுப்பிவிட்டு மிரட்டலில் சிக்கினாலும் வீட்டில் சொல்லலாம்.

16-18 வயது: கர்ப்பம், பால்வினை நோய், கருத்தடை முறைகள், சட்டம். 18 வயதுக்குக் கீழ் இருப்பவரின் சம்மதத்தை 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டம் ஏற்பதில்லை. 'ரெண்டு பேரும் லவ் பண்ணோம்' என்பது வழக்கிலிருந்து காப்பாற்றாது. இதைப் பையன்களுக்கு அவசியம் சொல்லுங்கள்.

கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். 9-14 வயதுதான் அதற்கு உகந்த காலம். 'ஒழுக்கமா வளர்ற பொண்ணுக்கு இது எதுக்கு?' என்று தவிர்க்காதீர்கள். திருமணத்துக்குப் பிறகு கணவர் வழியாகவும் அந்தத் தொற்று வரலாம்.

பாராட்டை மாற்றுங்கள்

'அழகா இருக்கே', 'ஃபர்ஸ்ட் ரேங்க்' என்ற பாராட்டோடு நிறுத்தாதீர்கள். 'பிடிக்கலைன்னு தைரியமா சொன்னே பாரு, அது நல்லா இருந்துச்சு', 'ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்ணியும் அந்தப் பொண்ணு போட்டோவை ஃபார்வேர்ட் பண்ணாம இருந்தியே, சபாஷ்டா' என்று சொல்லிப் பாருங்கள். இந்தப் பாராட்டில் வளரும் சுயமதிப்புதான் சிக்கலான நேரத்தில் கைகொடுக்கும்.

பெரியம்மா முத்தம் கொடுக்க வரும்போது பிள்ளை விலகினால், 'குடு, குடு' என்று கட்டாயப்படுத்தாதீர்கள். தன் உடம்பின்மேல் தனக்கு உரிமை இருக்கிறது என்பதை அது முதலில் கற்றுக்கொள்வது நம் வீட்டு ஹாலில்தான்.

12,000-க்கும் அதிகமான அமெரிக்க டீன்ஏஜ் பிள்ளைகளை வைத்து 1997-ல் வெளியான ஆய்வு, பிள்ளைகளைப் பெரும்பாலான ஆபத்துகளிலிருந்து காப்பது பெற்றோரோடும் பள்ளியோடும் இருக்கும் நெருக்கம்தான் என்றது. பக்தியுள்ள குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. சேர்ந்து கோயிலுக்குப் போகிறீர்கள், ஜெபத்துக்கு உட்காருகிறீர்கள், நோன்பு திறக்கிறீர்கள். அந்த வழிநடையிலும் சாப்பாட்டு நேரத்திலும் பிள்ளையின் பேச்சைக் கேளுங்கள். உங்கள் ஊர் இளைஞர் குழுக் கூட்டத்துக்கு வருடம் ஒரு முறை ஒரு டாக்டரை அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

உதவிக்கு...

குழந்தைகளுக்கு எதிரான எந்தத் தீங்குக்கும் 1098. தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களின் ஆலோசனைக்கு 14417. மனநல உதவிக்கு 14416. எல்லாமே இலவச எண்கள்தான். பிள்ளையின் போனிலும் உங்கள் போனிலும் இப்போதே பதிவு செய்துகொள்ளுங்கள்.

பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தயக்கமாக இருக்கிறதா? பெரிய பிரசங்கமெல்லாம் தேவையில்லை. இன்று ராத்திரி சாப்பிடும்போது இதை மட்டும் சொல்லிவையுங்கள்: "உனக்கு எது நடந்தாலும், நீயே எதாவது தப்பு பண்ணியிருந்தாலும், முதல்ல எங்ககிட்ட வா கண்ணு. கோபம் வந்தாலும் வரட்டும், உன்னை விட்டுட மாட்டோம்."